லாச்சியரின் சைக்கிள் கம்பி

கணினியில் எதையும் நொடியில் தேடிப் பிடிப்போம் என்று இன்றைக்குத் தம்பட்டம் அடிக்கிற அத்தனை பேரும், நெல்லியடியில் இருந்த ஒரு மனிதருக்கு முன்னால் கைகட்டி நிற்கவேண்டியவர்கள். அவர் அதே வேலையை மின்சாரம் இல்லாமல், ஒரு பழைய சைக்கிள் சில்லுக் கம்பியை வைத்துக்கொண்டு செய்தார். செய்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார். ஊரில் அவருக்குப் பெயர் லாச்சியர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதை அவருடைய மனைவியும் ஓய்வூதியக் கந்தோரும் மட்டுமே பாவித்தார்கள்.

போன மாதம் கொழும்பில் நான் அங்கத்தவராக இருக்கும் நூலகத்தில், தலை நரைத்தவர்களுக்கென்று ஒரு வகுப்பு வைத்தார்கள். நூலகத்தின் இணையத் தரவுத்தளங்களில் சரியாகத் தேடுவது எப்படி என்பது பாடம். படிப்பித்தது ஒரு சின்னப் பெண். "கேள்வியை முழுசா அடிக்காதேங்கோ. முக்கியமான ரெண்டு சொல்லு மட்டும் போடுங்கோ. கிடைக்காட்டி வேறை சொல்லுப் போட்டுப் பாருங்கோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற நீதிமன்றக் கிளாக்கர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பெண் கிட்ட வந்து, "என்ன அங்கிள், விளங்கேல்லையோ?" என்று கேட்டாள்.

விளங்காமல் என்ன. இதே பாடத்தை நான் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, வியர்வை ஒழுக ஒழுக, ஏச்சும் வாங்கிக்கொண்டு படித்தவன்.

அப்போது நான் மின்சாரக் கந்தோரில் பில் எழுதும் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் மின்சாரம் என்ற சொல் இருந்தது, மின்சாரம் இருக்கவில்லை. கம்பத்தில் கம்பி இல்லை, வீட்டில் வெளிச்சம் இல்லை, நான் எழுதப் பில்லும் இல்லை. கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். முப்பத்தைந்து வயது ஆம்பிளை வேலைவெட்டி இல்லாமல் வீட்டுக்கு வெள்ளனத் திரும்பி வந்தால் மனைவிமார் என்ன சொல்வார்கள் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவள் சொன்னதன் பேரில்தான் சந்திக்குக் கிட்ட இருந்த வாசிகசாலைக்கு உதவிக்குப் போனேன்.

வாசிகசாலை என்றால் ஒரு நீள மண்டபம். நடுவில் பத்திரிகை மேசை. பின்சுவரில் ஒரு மாபெரும் அலுமாரி, முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன லாச்சிகள். எங்கள் ஊரில் இழுப்பறையை லாச்சி என்போம். அது முன்பு ஒரு பரியாரியாரின் மருந்து அலுமாரி. அவர் காலமானதும் பிள்ளைகள் வாசிகசாலைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு லாச்சியிலும் மருந்துச் சரக்கின் பெயர் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்த லாச்சியர் அந்தத் தகடுகளைக் கழற்றவில்லை. நல்ல பித்தளையை ஏன் கழற்றுவான் என்பது அவருடைய நியாயம். ஆகவே எங்கள் வாசிகசாலையில் வரலாறு கடுக்காயில் இருந்தது. சமயம் திப்பிலியில் இருந்தது. சட்டம் படிக்க வருகிறவரை அவர், "வசம்பிலை பாரும்" என்று அனுப்புவார்.

மனிதர் ஒல்லி. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சேட்டு, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. ஓய்வு பெறுமுன் காணிக் கந்தோரில் உறுதிப் பத்திரம் தேடிக் கொடுக்கும் வேலை பார்த்தவர். தேடல் பற்றிய அவருடைய ஞானம் முழுவதும் அங்கே சேர்த்ததுதான். எங்கள் பகுதியில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு என்பது தெரிந்ததே. சனங்கள் வந்து, "கிணத்தடி வளவின்ரை உறுதி வேணும்" என்பார்களாம். ஏட்டில் அப்படி ஒரு வளவே இராது.

"அது எப்பிடி இருக்கும், கிளாக்கர்?" என்று எனக்கு விளக்கினார். "கிணறு இவன் வெட்டினது. இவன்ரை பாட்டன் உறுதி முடிக்கேக்கை அதிலை ஒரு புளிதான் நிண்டது. புளியடி வளவெண்டு எழுதியிருக்கும். புளி பாறி விழுந்து அறுபது வருசம். நீர் தேடுற சொல்லிலை ஒண்டும் இராது. எழுதினவன் வைச்ச சொல்லிலைதான் இருக்கும்."

இந்த ஒரு வசனத்தைத்தான் அந்தக் கொழும்புப் பெண் முக்கால் மணித்தியாலமாகப் படம் போட்டுக் காட்டினாள்.

வாசிகசாலையில் யாரும் நேரே போய் லாச்சியில் கை வைக்க முடியாது. முதலில் வேண்டியதை ஒரு துண்டில் எழுதவேண்டும். துண்டு பஸ் ரிக்கற் அளவுதான் தருவார். கடதாசித் தட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டாலும், ஆட்களின் வாயைக் குறைக்கத்தான் துண்டையும் குறைத்தார் என்பது என் சந்தேகம். எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பென்சிலை எடுத்து வெட்டத் தொடங்குவார். உரும்பிராயில் இருந்து ஒரு தோட்டக்காரர் சைக்கிள் மிதித்து வந்து, துண்டு போதாமல் தன் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். கனம் ஐயா என்று தொடங்கி, தன் குடும்ப வரலாறு, தம்பியோடு எல்லைச் சண்டை எல்லாம் எழுதி, கடைசி வரியில் வெங்காயம் அழுகுகிறது என்று முடித்திருந்தார். லாச்சியர் பொறுமையாக முழுவதையும் வாசித்தார். பிறகு ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டு வந்தார். மிஞ்சியது "வெங்காயம்", "அழுகல்" என்ற இரண்டு சொல்.

"அப்ப தம்பியின்ரை விசயம்?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"அது வசம்பிலை. பேந்து பாப்பம்."

இனிக் கம்பிக்கு வருகிறேன். லாச்சிகளுக்குள் இருந்தது புத்தகம் அல்ல, மட்டைகள். சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பெட்டி, பழைய கொப்பி அட்டை என்று கிடைத்ததெல்லாம் ஒரே அளவில் வெட்டி, ஒரு கட்டுரைக்கு, ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு ஒரு மட்டை என்று எழுதி வைத்திருந்தார். மட்டையின் நாலு விளிம்பிலும் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு விசயம்: நெல், காய்ச்சல், எண்ணெய், கூரை, குளிர்ச்சி, இப்படி. எந்த ஓட்டைக்கு என்ன பெயர் என்ற பட்டியல் சுவரில் தொங்கியது. ஒரு கட்டுரை எண்ணெய் பற்றியதென்றால், அந்த மட்டையில் எண்ணெய் ஓட்டையை விளிம்புவரை கத்தரித்து வாய் திறந்து விடவேண்டும். மற்ற ஓட்டைகள் மூடியபடி இருக்கும்.

தேடும்போது மட்டைக் கட்டை நிமிர்த்திப் பிடித்து, எண்ணெய் ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுத் தூக்கி ஒரு உலுப்பு உலுப்புவார். வாய் திறந்த மட்டைகள் பொலபொலவென்று விழும். மற்றதெல்லாம் கம்பியில் தொங்கும். விழுந்ததை அடுக்கி, இரண்டாவது ஓட்டையில் கம்பியை விட்டு இன்னொரு உலுப்பு. இப்போது விழுவது இரண்டு விசயமும் சேர்ந்தது. முதன்முதல் அதைப் பார்த்த அன்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய் மனைவிக்கு ஒரு மணித்தியாலம் விளக்கினேன். "சரி, அதிலை மண்ணெண்ணெய் விழுமோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள்.

லாச்சியருக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. "விழுந்தால் இருக்கு. விழாட்டி இல்லை." அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சண்டையால் வடக்குக்குச் சாமான் வரத் தடை இருந்த காலம். சவர்க்காரம் முதல் நெருப்புப்பெட்டி வரை எல்லாவற்றையும் சனம் தாங்களே செய்து பார்த்த காலம். ஆகவே வாசிகசாலைக்கு ஓயாமல் ஆள் வந்தது. வல்வெட்டித்துறையில் சின்னக் கடை வைத்திருந்த ஒருவர் சவர்க்காரம் காய்ச்ச வழி கேட்டு வந்து, துண்டில் "சவர்க்காரம்" என்று எழுதினார். கம்பி போட்டதில் விழுந்தது ஒரே ஒரு மட்டை, அதுவும் முகப்பரு பற்றியது. லாச்சியர் அசரவில்லை. "காய்ச்சிறதுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். எண்ணெயும் சாம்பல் தண்ணியும் என்றார் அவர். எண்ணெய், சாம்பல் என்று இரண்டு கம்பி போட்டார். விழுந்தது. அடுத்த மாதம் அந்த மனிதர் கொண்டுவந்து தந்த சவர்க்காரத்தில் என் வேட்டி ஒன்று தோய்க்கப்பட்டு, அதன் பிறகு வேட்டியாகப் பயன்படவில்லை. ஆனால் அது தேடலின் பிழை அல்ல.

இன்னொரு நாள் கல்லூரியில் விவாதப் போட்டிக்குப் போகும் பெடியன் ஒருவன் வந்தான். துண்டில் "தமிழ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். நான் சிரித்தேன். லாச்சியர் சிரிக்கவில்லை. எழும்பி, ஒரு பெரிய மட்டைக் கட்டை எடுத்து, தமிழ் ஓட்டையில் கம்பியை விட்டு உலுப்பினார். முழுக் கட்டும் நிலத்தில் கொட்டுண்டது. கம்பியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"எல்லாம் விழுந்திட்டுது" என்றார். "இனி இதைப் பொறுக்கிறது ஆர்?"

அவன்தான் பொறுக்கினான். பின்னேரம் வரை பொறுக்கினான்.

வீட்டிலும் மனிதர் இப்படித்தான். அவருடைய மனைவி தேங்காய் துருவும் திருவலையைக் காணவில்லை என்று தேடினால், "நீ அதை எந்த வேலையோடை சேத்து வைச்சனீ?" என்று கதிரையில் இருந்தபடி கேட்பாராம். "எழும்பி வந்து தேடினால் என்ன எண்டு கேட்டால், சரியாக் கேட்டாத்தான் கிடைக்கும் எண்டுறார். முப்பது வருசமாக் கேக்கிறன்" என்று அந்த அம்மா என் மனைவியிடம் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார்.

எனக்குத் தந்த வேலை கத்தரிக்கோல் வேலை. அவர் மட்டையின் மூலையில் என்னென்ன விசயம் என்று குறித்துத் தருவார். நான் அந்தந்த ஓட்டையை விளிம்புவரை வெட்டித் திறக்கவேண்டும். எழும்பி நடக்கவே தேவையில்லாத வேலை. மின்சாரக் கந்தோர்க்காரனுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. இருந்தும் ஒரு நாள் நான் அதையும் முழுதாகச் செய்யவில்லை. அதுதான் இந்தக் கதை.

வெயில் கொளுத்திய ஒரு சித்திரை மாதக் காலையில் ஒரு பெண் வந்தாள். பெயர் றீற்றா. குருநகர்ப் பக்கம். கணவன் கடற்றொழில். கடலுக்குப் போக வழியில்லாமல், ஷெல்லடிக்குப் பயந்து இடம்பெயர்ந்து, எங்கள் பகுதியில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். கையில் மூடி போட்ட ஒரு எனாமல் கோப்பை. அதற்குள் ஈரத்துணியில் சுற்றிச் சில மருந்துக் குப்பிகள்.

"மகளுக்குப் பதினொரு வயசு, ஐயா. சலரோகம். ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசி போடவேணும்" என்றாள். "பெரியாஸ்பத்திரியிலை ஒரு மாதத்துக்குத் தந்துவிட்டவை. சூட்டிலை வைச்சால் பழுதாப் போகுமாம். பழுதானதைப் போட்டாலும் ஒண்டுதான், போடாட்டியும் ஒண்டுதானாம். போன மாதம் கடைசிக் குப்பி கலங்கிப் போச்சுது. பிள்ளை ரெண்டு நாள் கண் முழிக்கேல்லை."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் கரண்ட் கந்தோர் ஆள் எண்டு சொல்லிச்சினம். ஒரு இடத்திலையும் கொஞ்சக் கரண்ட் இல்லையோ, அண்ணை?"

என் உத்தியோக வாழ்க்கையில் அதைப்போல் வெட்கப்பட்ட நாள் இன்னொன்று இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

லாச்சியர் வழக்கம்போல் துண்டை நீட்டினார். அவள் வாங்கில் உட்கார்ந்து, நுணுக்கி நுணுக்கி எழுதினாள். "என்ரை பிள்ளையின்ரை ஊசி மருந்து சூட்டிலை பழுதாகாமல் வைக்க ஒரு வழி." லாச்சியர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். முதல் வெட்டு "என்ரை பிள்ளையின்ரை" என்பதில் விழுந்தது.

"பிள்ளையை வெட்டாதேங்கோ, ஐயா" என்றாள்.

சத்தம் போடவில்லை. கெஞ்சவும் இல்லை. சொன்னாள், அவ்வளவுதான். லாச்சியரின் பென்சில் அப்படியே நின்றது. வாசிகசாலைக்கு வந்த எவரும் அவருடைய வெட்டை எதிர்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"அப்பிடி ஒரு ஓட்டை இல்லை, பிள்ளை" என்றார் மெதுவாக. "தேடுறதுக்கு உதவாது எண்டுதான் வெட்டினது."

அவர் எழும்பினார்.

மருந்து என்ற ஓட்டையில் கம்பி போட்டார். விழுந்ததைச் சேர்த்து, சேமிப்பு என்ற ஓட்டையில் போட்டார். விழுந்த ஒரே மட்டை, மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் என்றது. லாச்சியர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். சலரோகம் என்று போட்டார், நீரிழிவு என்று போட்டார். பாகற்காயும் நாவற்கொட்டையும் பற்றி ஏழெட்டு விழுந்தன. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மருந்து எண்டதை மறப்பம்" என்றார். "அது என்ன சாமான் எண்டது அதுக்கே தெரியாது. அதுக்குத் தேவை குளிர்ச்சி. எங்களிட்டை இல்லாதது கரண்ட். இதே கரைச்சல் வேறை ஆருக்கு இருந்திருக்கும்?"

"மீன்காரருக்கு" என்றாள் றீற்றா. "ஆனால் எங்களுக்கு ஐஸ் வரும். இப்ப அதுவும் இல்லை."

"ஐஸ் இல்லாதவனுக்கு?"

"மரக்கறிக்காரருக்கு, வெத்திலைக்காரருக்கு" என்றேன் நான்.

லாச்சியரின் முகம் மலர்ந்தது. தோட்ட விசயங்களின் மட்டைக் கட்டு முழுவதையும் எடுத்துவரச் சொன்னார். இருந்த கட்டுகளிலேயே பெரியது அதுதான். குளிர்ச்சி ஓட்டையில் கம்பியை விட்டார். தூக்கினார். உலுப்பினார். ஒன்றுமே விழவில்லை. இன்னொரு தரம் உலுப்பினார். மூன்றாம் தரமும் உலுப்பினார். சட்டப்படி ஒரு தரம்தான் உலுப்பலாம்.

"இல்லை, பிள்ளை" என்றார்.

அவள் கோப்பையை மூடினாள். "சரி ஐயா. போயிட்டு வாறன்" என்றாள். வெளியே வெயில் தகித்தது. முந்தானையால் கோப்பையை மூடிப் பிடித்துக்கொண்டு, மதில் நிழல் விழுந்த பக்கமாக நடந்து போனாள்.

அன்றைக்கு லாச்சியர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நான் போனேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் சாப்பிட்டுவிட்டு நித்திரையும் கொண்டேன். அடுத்த நாள் காலையில் வந்தபோது அலுமாரியின் லாச்சி எல்லாம் வெளியே இழுத்துக் கிடந்தது. மேசை முழுக்க மட்டை. லாச்சியர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். கம்பி ஒரு மூலையில் கிடந்தது.

"என்ன ஐயா இது?"

"பாக்கிறன்."

"விழாட்டி இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்" என்றார். "நீரும் இருந்து பாரும்."

கையால் ஒவ்வொன்றாகப் பார்ப்பது மாடு மேய்க்கிற வேலை என்று ஆயிரம் தரம் சொன்ன மனிதர். நானும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். தோட்டக் கட்டைக் கையில் எடுத்ததும் அந்தக் கட்டின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் அதை வெட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைகிறதாம். யாழ்ப்பாணத்தில் முன்னூற்றிநாலுக்கு ஒரு கை குறைகிறது என்றால் அது பிரேத ஊர்வலத்துக்கு ஆள் குறைகிற மாதிரி. மறுக்க முடியாது. மீதியைப் பிறகு வெட்டலாம் என்று கட்டை லாச்சியில் போட்டுவிட்டு ஓடினேன். பிறகு என்பது வரவே இல்லை.

சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூடினேன். இப்படிப் பத்துத் தரம். அந்தக் கோப்பையும் மதிலோர நிழலும் கண்ணுக்குள் நின்றன. கடைசியில் வாய் திறந்து சொல்ல முன்னரே அவர் ஒரு மட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

விவசாயக் கந்தோர் முன்பு போட்ட ஒரு நாலு பக்கத் துண்டுப் பிரசுரத்தின் மட்டை அது. தக்காளி, வெற்றிலை வாடாமல் வைக்கும் முறை: பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி, இடையில் ஈரமணல், மேலே ஈரச்சாக்கு. மூலையில் லாச்சியரின் கையெழுத்தில் "குளிர்ச்சி" என்று குறித்திருந்தது. குளிர்ச்சி ஓட்டை மூடியபடியே இருந்தது.

அவர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான், ஐயா" என்றேன். "அண்டைக்குச் சீட்டாடப் போயிட்டன். பாதிக் கட்டு வெட்டேல்லை."

ஏச்சுக்குத் தலையைக் குனிந்து நின்றேன். நியாயமான ஏச்சு. என் அப்பனையும் பாட்டனையும் சேர்த்து ஏசியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

"கத்தரிக்கோலை எடும், கிளாக்கர்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். தானே அந்த ஓட்டையைத் திறந்தார். "நீர் வெட்டாமல் விட்டது உம்மடை பிழை. அது சின்னப் பிழை. இல்லையெண்டு அந்தப் பிள்ளையை வெயிலுக்குள்ளை அனுப்பினது நான். எழும்பும், சட்டி வாங்கவேணும்."

வீட்டில் கதிரையை விட்டு எழும்பாத மனிதர் அன்றைக்குச் சைக்கிள் ஓடினதை நெல்லியடிச் சந்தையே பார்த்தது. ஹாண்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு சட்டி தொங்கின. வாங்கிய சட்டி ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. திரும்பிப் போனோம். சட்டிக்காரி, "ஐயா, என்ன சமைக்கிறியள்?" என்று கேட்டாள். "மணல்" என்றார் லாச்சியர். நான் பின்னால் ஒரு உரப்பையில் கழுவின மணலைக் கட்டிக்கொண்டு மிதித்தேன். மணல் எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அந்தத் தண்டனை போதாது என்றும் தெரிந்தது.

றீற்றாவின் கொட்டிலில், காற்று வரும் மூலையில், நிழலில் சட்டியை வைத்தோம். அந்த மகள் பாயில் இருந்தபடி எங்களைப் பார்த்தாள். மெலிந்த பிள்ளை, கண் மட்டும் பெரிது. "இதுக்குள்ளை என்ன வைக்கப் போறியள்?" என்று கேட்டாள். "உம்மடை மருந்தை" என்றார் லாச்சியர். "தக்காளிக்கு எழுதினது. நீர் கோவிக்கக் கூடாது." அவள் சிரித்தாள்.

முதலில் மருந்துக்குப் பதில் ஒரு வெறும் போத்தலைச் சட்டிக்குள் வைத்து, அதற்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தோம். முதல் நாள் சந்தேகம். இரண்டாம் நாள் குளிர் விரலுக்கே தெரிந்தது. றீற்றா ஆஸ்பத்திரி டொக்டரிடம் போய்க் கேட்டுவந்தாள். தண்ணீர் படாமல் குப்பிகளை இறுக்கி மூடிய போத்தலில் போட்டு வைக்கச் சொன்னாராம். மணல் காய விடவேண்டாம் என்றாராம். லாச்சியர் அதையும் மட்டையில் எழுதினார். அந்த மாதக் கடைசிக் குப்பி தெளிவாக இருந்தது.

அதைச் சொல்ல றீற்றா வாசிகசாலைக்கு வந்தாள். பேப்பரில் சுற்றிக் கொஞ்சம் கருவாடு கொண்டுவந்தாள். எங்கே கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. லாச்சியர் அதை வாங்கி வேறு இடம் இல்லாமல் திப்பிலி லாச்சியில் வைத்தார். எங்கள் சமயக் கட்டுரைகள் அதன் பிறகு பல மாதம் மணத்தன.

பிறகு அவர் தன் சேட்டுப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்தார். அவள் முதல் நாள் எழுதிய துண்டு. சிவப்பு வெட்டோடு அப்படியே வைத்திருந்தார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுமட்டை ஒன்று எழுதினார். மருந்து, குளிர்ச்சி, சட்டி என்று ஒவ்வொரு ஓட்டையாகத் தானே திறந்தார். கடைசியில் மட்டையின் கீழ் மூலையில், ஓட்டையே இல்லாத இடத்தில், புதிதாக ஒரு ஓட்டை போட்டு, அதையும் விளிம்புவரை வெட்டினார். சுவரில் இருந்த பட்டியலின் அடியில் போய் எழுதினார்: பிள்ளை.

"அண்டைக்கு இல்லையெண்டு சொன்னன்" என்றார் றீற்றாவிடம். "இப்ப போட்டிருக்கிறன்."

அவள் போனபின் நான் கேட்டேன். "இந்த ஓட்டையிலை ஆர் ஐயா தேடப் போகினம்?"

"ஆரும் தேடாட்டியும் கிடக்கட்டும்."

தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுக்கச் சண்டைக்குத் தப்பி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, வாசிகசாலை மண்டபமும் குடும்பங்களால் நிரம்பியது. அலுமாரி வெளியே மழைக்குப் போனது. லாச்சிகளைச் சனத்துக்கு அரிசி, பருப்புப் போட்டு வைக்க அவரே கழற்றிக் கொடுத்தார். "கடுக்காயிலை மிளகாய்த்தூள் வைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னாராம். நான் அடுத்த வருடம் கொழும்புக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். சில வருடம் கழித்து அவர் காலமான செய்தி வந்தபோது சண்டையால் வடக்குக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. செத்த வீட்டுக்குப் போகவில்லை. அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

வகுப்பின் கடைசியில் அந்தப் பெண், ஆளுக்கொன்று தேடிப் பாருங்கோ என்றாள். நான் லாச்சியரின் சொந்தப் பெயரை அடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. லாச்சியர் என்று அடித்தேன். இல்லை. சைக்கிள் கம்பி, வாசிகசாலை, நெல்லியடி என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இல்லை.

"அப்பிடி ஒண்டும் இதிலை இல்லைப் போலை, அங்கிள்" என்றாள்.

விழாவிட்டால் இல்லை என்பதை அவரே கைவிட்டுவிட்டார் என்று இந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வேன். நான் தேடுகிற சொல்லில் அவர் இருக்கமாட்டார். அவரை நினைவில் வைத்திருக்கிற வேறு யாரோ, எந்தச் சொல்லில் எழுதி வைத்திருப்பார்கள்? யோசித்தேன். பிறகு ஒரு விரலால் தேடி, "பிள்ளை" என்று அடித்தேன்.

திரை கொள்ளாமல் வந்தது. பக்கம் பக்கமாக, முடிவே இல்லாமல்.

"ஐயோ அங்கிள், எல்லாம் வந்திட்டுது" என்று அவள் சிரித்தாள். "இதை எல்லாம் இருந்து ஆர் பாக்கிறது?"

"நான் பொறுக்கிறன், பிள்ளை" என்றேன். "நீங்கள் பூட்டும் வரைக்கும் இருக்கலாந்தானே?"